மூன்றாவது வட்டம்

"இது மனுஷங்களுக்கும் ஒட்டுமாம்மா?"

"நல்லா ஒட்டும். நீ கிட்டவே வராதே."

"ஒட்டிக்கிட்டா, போக எத்தனை நாள் ஆகும்?"

"நாலு வாரமாவது ஆகும். உனக்கெதுக்குடி அந்த வம்பு? ஒரு வாரம் இருக்க வந்திருக்கே, நல்லபடியா இருந்துட்டுக் கிளம்பு."

மகள் வந்திறங்கிய அன்று குளியலறை வாசலில் நடந்த இந்தப் பேச்சு, இரண்டு மாதமாக அம்மாவின் மனதை அரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே அந்தப் பூனைக்குட்டிகளைக் காப்பகத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

தத்தெடுக்க ஒரு வீடு கிடைக்கும்வரை வளர்த்துக் கொடுக்க அம்மா அங்கிருந்து வாங்கி வந்த மூன்று குட்டிகள். வந்த இரண்டாம் நாளே காதோரம் முடி கொட்டி, வட்ட வட்டமாகப் படர்தாமரை.

அவள் ஒன்றும் ஏனோதானோ என்று இருந்துவிடவில்லை. பின்பக்கக் குளியலறையைக் குட்டிகளுக்கென்றே ஒதுக்கினாள். உள்ளே போக ஒரு பழைய அங்கி, கையுறை. வாரம் இரண்டு முறை அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கந்தக மருந்தில் குளியல். தினமும் பிளீச்சிங் தண்ணீரில் தரை துடைப்பு.

"ஆபரேஷன் தியேட்டர்லகூட இவ்வளவு பார்க்க மாட்டாங்கம்மா" என்று மகளே கிண்டல் செய்தாள்.

அப்படியும், ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், மகளின் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு வட்டம்.

"அதோட இங்க வந்து நிக்காதே. சுத்தமா போனதுக்கப்புறம் வந்தா போதும்" என்றார் மாப்பிள்ளை போனில். மகள் எழுந்து நின்று கேட்டுக்கொண்டாள். அவரிடம் போனில் பேசும்போதுகூட அவள் உட்கார்ந்து அம்மா பார்த்ததில்லை. எவ்வளவு மரியாதை என்று உள்ளுக்குள் பெருமைதான்.

நான்கு வாரம் களிம்பு போட்டு மணிக்கட்டு தெளிந்தது. பெட்டியைக் கட்டினார்கள். மறுநாள் கழுத்தில் அடுத்த வட்டம்.

"என்னாலதான்டி உன் குடித்தனம் அந்தரத்துல நிக்குது" என்று அம்மாதான் அழுதாள்.

"விடும்மா. எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை" என்று மகள் தேற்றினாள்.

தோல் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க செய்யறதெல்லாம் சரிதான். ஆனா எங்கயோ ஒரு இடத்துல கோட்டை விடறீங்க. அது எங்கன்னு பாருங்க."

அம்மா பார்க்காத இடமில்லை. கால்மிதியைத் தூக்கி எறிந்தாள். தலையணை உறைகளைக் கொதிக்கவைத்தாள். சீப்பை மாற்றினாள். இரண்டு குட்டிகள் குணமாகிக் காப்பகம் போயின. 'மொட்டை' என்று செல்லப்பெயர் வாங்கிய மூன்றாவதற்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

ஒருவழியாக மகளின் கழுத்தும் தெளிந்தது. இன்று காலை போன் வந்ததும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையே வந்து கூட்டிட்டுப் போறாராம்டி! அப்பாடா, எனக்கு இப்பத்தான் உயிரே வந்துச்சு."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு மகள் துணி மடிக்கப் போனாள்.

பிளீச்சிங் பவுடர் தீர்ந்திருந்தது. கடைக்குக் கிளம்பிய அம்மா, பாதி வழியில்தான் பர்ஸை மறந்தது தெரிந்து திரும்பினாள்.

குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கொக்கியில் அங்கி தொங்கியது. கையுறைப் பெட்டி மூடியபடியே இருந்தது.

ஈரத் தரையில் மகள் உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, மொட்டையின் புண் பட்ட காதை வெறும் கையின் உட்புறத்தில் வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! என்னடி பண்றே? மறுபடியும் வந்துடுச்சுன்னா மாப்பிள்ளை உன்னைக் கூட்டிட்டே போகமாட்டாரேடி!"

மகள் குட்டியைக் கீழே விடவில்லை. கண்ணீர் அதன் முதுகில் சொட்டியது.

"அம்மா... நான் இங்கேயே இருந்துடட்டுமா?"