முட்டினால் முட்டட்டும்

"ஏய் ரோசி! ஆடு அந்தப் பச்சைக் குட்டிய முட்டுது. நீ இடுப்புல கைய வச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்குற. நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

அன்னமேரி போட்ட சத்தத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கண்ணயர்ந்த எஸ்டேட் லயத்து வீட்டு ஜனம் பாதி வெளியே வந்துவிட்டது.

ரோசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முட்டட்டும் மதினி."

கொட்டிலுக்குள் நாய்க்குட்டி மறுபடி எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டு நேரே கிழட்டுத் தாய் ஆட்டிடம் போனது. ஆடு தலையைத் தாழ்த்தி ஒரே முட்டு. குட்டி உருண்டு போய் மூலையில் விழுந்து வீறிட்டது.

"ஐயோ ஆண்டவரே!" அன்னமேரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

போன மாதம் புலி தேயிலைக் காட்டிலிருந்து இறங்கி, ரோசியின் இரண்டு ஆடுகளைத் தூக்கிப் போய்விட்டது. புருஷன் இல்லாதவள். கொழுந்து பறிக்கிற கூலி போக, அவளுக்கென்று இருப்பது மிச்சமிருக்கும் அந்த நாலைந்து ஆடுகள்தான். காவலுக்கென்று எங்கிருந்தோ ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தாள். வீட்டில் சேர்க்காமல் ஆட்டோடு அடைத்துவிட்டாள். அது எத்தனை அழுதாலும் போய்த் தூக்குவதில்லை. பிஸ்கட்டோடு வருகிற பிள்ளைகளையும் விரட்டிவிடுவாள். சரியான கல்நெஞ்சுக்காரி என்று லயமே பேசியது.

அன்னமேரி பேச்சோடு விடுகிற ஆள் இல்லை. சூப்பர்வைசர் ஏசுரத்தினத்தைக் கையோடு கூட்டி வந்திருந்தாள். அவர் ஆபீசில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். லயத்தில் நாயும் இருக்காது, ஆடும் இருக்காது.

"என்ன ரோசி, இவுக பராதி சொல்றாகளே?" என்றார் அவர்.

"சார், இதை மடியில வச்சுக் கொஞ்சுனா மனுசங்க பின்னாடியே வந்துரும். புலி வர்றப்ப என் கட்டிலுக்கு அடியில படுத்துக் கிடக்கும். அதுக்கு ஆட்டு வாடை ஏறணும், ஆடும் அதைச் சேர்த்துக்கணும். இப்ப நாலு முட்டு வாங்குனாத்தான் அடங்கும். இல்லேன்னா வளர்ந்தப்புறம் ஆட்டுக் குட்டிகளையே விரட்டிக் கடிக்கும்."

"பொட்டக் குட்டி! இதுவா புலியை மறிக்கப் போகுது?" அன்னமேரி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"நானும் பொட்டதான் மதினி. ஒத்தையில மறிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."



அன்னமேரி விடவில்லை. "எங்க வீட்டு நாய் டெய்சியும் அஞ்சு குட்டி போட்டுச்சு சார். பால் சோறு போடுவாகளான்னு கேட்டுக் கேட்டு, எல்லாத்தையும் நல்ல வீட்டுல குடுத்தேன். வாயில்லா சீவன்னா அப்படிப் பார்க்கணும்."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்," என்றாள் ரோசி.

கொட்டிலுக்குள் நாய்க்குட்டி இந்தத் தடவை வாலை ஆட்டவில்லை. வயிறு தரையில் தேய மெல்ல நகர்ந்து போய், தாய் ஆட்டின் முன்னால் மல்லாந்து படுத்தது. ஆடு குனிந்து மோந்து பார்த்தது. பிறகு அதன் பக்கத்திலேயே படுத்து அசைபோட ஆரம்பித்தது.

"அட!" என்றார் ஏசுரத்தினம்.

அன்னமேரிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அது கிடக்கட்டும் சார். இந்தக் குளிருல குட்டிக்கு ஒரு சாக்கு விரிச்சிருக்காளா பாருங்க!"

ரோசியின் குரல் இறங்கியது. "அது சாக்குல படுக்காது மதினி. சாக்கைக் கண்டாலே நடுங்கும். அந்தப் பேச்சு வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? வக்கில்லேன்னு சொல்லு, நான் தாரேன். என் கொழுந்துச் சாக்கை எவளோ களவாண்டுட்டா. ஆனாலும் தாரேன்!"

அந்தக் களவுக் கதை தெரியாதவர்கள் மலையில் கிடையாது. எடை போடும்போது மாறிவிடக் கூடாதென்று எல்லோரும் அவரவர் சாக்கில் சிவப்புப் பெயின்டால் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். பெயர் எழுதிய சாக்கையே காணோம் என்று அன்னமேரி ஒரு வாரம் சாபம் விட்டுத் திரிந்தாள்.

"மதினி, கடைசியாச் சொல்றேன். விட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

"மாட்டேன்! சார், ஒரு சாக்குகூட விரிக்காதவளுக்கு நாய் எதுக்கு, ஆடு எதுக்கு? இன்னைக்கே வெளியேத்தச் சொல்லுங்க."

ஏசுரத்தினம் தொண்டையைச் செருமினார். "வீட்டுல ஒரு சாக்கு இருந்தா கொண்டாந்து போடேன் ரோசி. எதுக்கு வம்பு?"

"சரி சார். எல்லாரும் பார்க்கட்டும்."

ரோசி விறுவிறுவென்று உள்ளே போனாள். மடித்து வைத்திருந்த ஒரு சாக்கைக் கொண்டுவந்து, அன்னமேரியின் காலடியில் உதறிப் போட்டாள். சிவப்பு எழுத்தில் 'அன்னமேரி' என்று பளிச்சென்று இருந்தது.

"அடிப்பாவி, நீதான் களவாணியா?" என்று கூட்டம் ரோசியைப் பார்த்துக் கத்தியது.

அன்னமேரி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நகர்ந்தாள்.

"களவாங்கல சார். ஓடையில பாறையிடுக்குல சிக்கிக் கிடந்துச்சு. வாயைக் கயித்தால இறுக்கிக் கட்டியிருந்தது. அவுத்துப் பார்த்தேன், உள்ள மூணு பொட்டக் குட்டி. இது ஒண்ணுக்குத்தான் மூச்சு இருந்துச்சு."