நாலாவது கேபிள்

சர்வர் அறைக்குள் பிளம்ஸ் பழம் லேசாகக் கருகும் வாசனை.

யாஸ்னா அதைக் கண்டுகொள்ளவில்லை. அக்டோபர் மாதம் மொராவா ஆற்றங்கரையில் எந்தக் கொல்லையில்தான் பிளம்ஸ் சாராயமான ராக்கியா காய்ச்சவில்லை?

அவள் கவலை வேறு. காலையிலிருந்து பஸ் நிலையத்தில் ஒரு டிக்கெட்கூட அச்சாகவில்லை. வெளியே கூட்டம் கவுண்டர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது.

"பெல்கிரேட் பஸ் கிளம்புறதுக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா நாளைக்கு அதே பஸ்ல நீயும் ஊரைப் பாக்கக் கிளம்பிடும்மா" என்றார் மேலாளர் ராடிவோய், அவள் பின்னாலேயே நின்றபடி.

கணினி வேலையில் அவளுக்குப் பயிற்சிக் காலம் இன்னும் முடியவில்லை. சொன்னால் செய்துவிடுகிற ஆள் அவர்.

சர்வருக்கு உயிர் இருந்தது. தலைமை அலுவலகத்திடம் இருக்கை கேட்டது. கேள்வி எங்கேயோ போனது, பதில்தான் வரவில்லை.

குனிந்து அதன் முதுகைப் பார்த்தாள்.

மூன்று கேபிள் இருக்கவேண்டிய இடத்தில் நான்கு!

"பாஸ், இது யாரோ புதுசா செருகினது. அந்த முனையில ஒரு பெட்டி இருக்கு. வெளிய போறதுக்கு நான்தான் வழின்னு சர்வரை ஏமாத்தியிருக்கு. இதுவும் நம்பி எல்லாத்தையும் அங்கேயே அனுப்புது. ஆனா அது முட்டுச்சந்து."

"எவன் அவன்? கையை ஒடிச்சு அடுப்புல வைக்கிறேன்!"

யாஸ்னா நாலாவது கேபிளைப் பிடுங்கினாள்.

அடுத்த நொடி கவுண்டர்களில் அச்சு இயந்திரங்கள் கடகடத்தன. வெளியே யாரோ விசில் அடித்தார்கள்.

கூடவே ராடிவோயின் சட்டைப்பையிலும் சத்தம். டிங். டிங். டிங். டிங்.

வெளியேற வழியில்லாமல் சர்வருக்குள் தேங்கிக் கிடந்த செய்திகள், ஒன்றன்மேல் ஒன்றாக அவர் போனில் வந்து விழுந்தன.

யாஸ்னா எட்டிப் பார்த்தாள்.

'அண்டா சூடாகிறது.'

'அண்டா கொதிக்கிறது.'

'தீயைக் குறைக்கவும்.'

'தீயைக் குறைக்கவும்!'

ராடிவோயின் முகம் பிளம்ஸ் நிறத்துக்கு மாறியது.

"என் தங்கச்சி பையன் மாட்டின பெட்டி... இருந்த இடத்துலேர்ந்தே போன்ல பாத்துக்கலாம் மாமான்னானே பாவி!"

ராக்கியா அண்டா இருந்த பின்கொட்டகையை நோக்கி ஓடியவர், வாசலில் ஒரு கணம் நின்றார்.

"நீ நிரந்தரம்மா. வாயை மட்டும் தெறக்காதே!"

"சரி பாஸ். அந்தக் கையை எப்ப ஒடிக்கிறது?"

காலடிச் சத்தம் கொட்டகைப் பக்கம் ஓடி மறைந்தது.

யாஸ்னா விசைப்பலகையை இழுத்தாள். அந்தப் பெட்டி காட்டும் வழியை இனிமேல் நம்பாதே என்று சர்வருக்குச் சொல்லிவைத்தாள்.

பிறகு நாலாவது கேபிளைப் பத்திரமாகத் திரும்பச் செருகினாள்.

மிச்ச ராக்கியாவாவது கருகாமல் இறங்கட்டும். முதல் பாட்டில் யாருக்கு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.