பதினைந்து எழுத்து

"ஏலே சங்கரகணேஷ், என் மவ பேரைத் தொட்டாலே ஆப் பொசுக்குனு செத்துப் போவுது. மத்த பிள்ளைகளுக்கெல்லாம் நல்லாத்தானல ஓடுது?"

சங்கரன்கோவிலில் திருமணத் தகவல் மையம் நடத்தும் நெல்லைநாயகத்துக்கு மூச்சு வாங்கியது. தென்காசி மாப்பிள்ளை வீட்டார் நாலு மணிக்குள் மகள் மீனலோசினியின் விவரத்தை ஐபோனில் பார்த்தாக வேண்டும் என்றிருந்தார்கள். ஊருக்கெல்லாம் வரன் பார்ப்பவர் மகளுக்கே இப்படியா?

"நாலு மணிக்கு ஓடலன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்" என்று வேறு சொல்லிவிட்டார். சங்கரகணேஷின் கையிலிருக்கும் ஒரே வேலை, மையத்துக்கு அவன் எழுதிக் கொடுத்த இந்த ஆப்தான்.

மையத்தில் பதிவு பார்ப்பவள் மீனலோசினிதான். ஆப் தகராறு என்று வாரத்துக்கு மூன்று முறை அவனைக் கூப்பிடுவாள். வந்து பார்த்தால் நன்றாகத்தான் ஓடும். நிஜமாகவே தகராறு வந்த இன்றைக்குத் தலைவலி என்று வீட்டில் இருந்துவிட்டாள்.

"சர்வர்ல என்ன எழுதியிருக்குன்னு பாத்துக்கிடட்டுமா, அண்ணாச்சி?"

"அந்தச் சோலியே வேண்டாம். பெத்தவங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தவிர வேற யாரும் பிள்ளைக விவரத்தைப் பாக்கப்பிடாது. மையத்துச் சட்டம்."

பிழைச்செய்தியை வைத்தே துழாவினான். பதினைந்தாம் எழுத்துவரை வெட்டச் சொல்கிறாய், இருப்பதே பத்துதான் என்றது அது. புள்ளி, கொம்பு எல்லாவற்றையும் தனித்தனி எழுத்தாக எண்ணும் கணினிக்கே பத்துதான். சட்டென்று விளங்கியது. 'எதிர்பார்ப்பு' பகுதியில் முதல் பதினைந்து எழுத்தை வெட்டிக் காட்டும்படி ஆப்ஜெக்டிவ்-சி என்ற நிரல்மொழியில் எழுதியவன் அவனேதான். அதற்குக் குறைவாக ஒரு பெண் எழுதுவாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. நாலு வருஷமாக யாரும் எழுதவும் இல்லை.

"மத்தவங்க அரசு வேலை, சொந்த வீடு, நாத்தனார் இல்லாத குடும்பம்னு பக்கம் பக்கமா எழுதுதாங்களாம். உங்க பிள்ளை பத்தே எழுத்துல முடிச்சிருச்சு. கட்டிக்கிடப் போறவரு கொடுத்து வச்சவரு, அண்ணாச்சி!"

அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. "என் வளர்ப்புல்லா! நான் கைகாட்டுத ஆளுக்குக் கழுத்தை நீட்டுவா."

நீளத்தைப் பார்த்துவிட்டு வெட்டு என்று ஒரு வரி சேர்த்தான் சங்கரகணேஷ். மூன்றே முக்காலுக்கு அண்ணாச்சியின் போனில் ஏற்றிக் கொடுத்தான். அவர் மகள் பேரைத் தொட்டார். ஆப் சாகவில்லை. சங்கரகணேஷுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"சங்கரகணேஷ்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"உன்னைக் கூப்பிடலலே. என் மவ எதிர்பார்ப்பை வாசிக்கேன்."