மூன்று விரல் இடைவெளி

பல்குச்சியின் நுனியை நாக்கில் நனைத்து, இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மூக்கிலிருந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

தேய்க்கக் கூடாது. தேய்த்தால் முதலில் போவது மூக்குதான். உலோகம் தேடும் கருவியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வயல்வயலாக அலைகிற எங்கள் சங்கத்தில், செப்புக் காசில் மூக்குப் போன மன்னருக்கு மரியாதை கிடையாது.

இன்று அலையத் தேவையில்லை. எங்கள் சொந்த மண். முந்தாநாள் புல்டோசர் வந்து சரிவை ஓர் ஆள் ஆழத்துக்கு வழித்துவிட்டுப் போயிருந்தது. திங்கட்கிழமை கான்கிரீட். என் மனைவி லினெட் குச்சி நட்டுக் கயிறு கட்டி அறைகளைப் பிரித்திருந்தாள்.

மன்னர் கிடைத்தது எங்கள் படுக்கையறையில்.

நான்கு வருடமாக நாங்கள் மாமியாரின் பேஸ்மென்ட்டில் இருக்கிறோம். தலைக்கு மேல் வெந்நீர்க் குழாய், நிமிர்ந்தால் இடிக்கும். அதற்கும் மேலே மாமியார். நாங்கள் சிரித்தால் துடைப்பக் கட்டையால் தரையில் தட்டுவார். நாங்கள் சிரிப்பதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. அவர் பழக்கதோஷத்தில் இன்னும் தட்டுகிறார்.

திங்கட்கிழமை கான்கிரீட் விழுந்தால், முதல் பனிக்குள் குடிவந்துவிடலாம்.

மனையை எங்களுக்கு விற்ற ஆம்ப்ரோஸ் விட்கோம்ப் கூடவே நின்றிருந்தார். ஊர் வரலாற்றுக் கழகத்தின் தலைவர், செயலாளர், கூட்டத்துக்குத் தவறாமல் வருகிற ஒரே உறுப்பினர். ரோட் ஐலண்ட் மாநிலம் முழுக்க அவர் வாசிக்காத கல்லறைக் கல் இல்லை என்று சொல்லிக்கொள்வார். காசைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். தன் ஏழாம் தலைமுறைத் தாத்தா கேப்டன் ஜோசையா விட்கோம்பின் சட்டைப்பையிலிருந்துதான் அது விழுந்தது என்று அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் அவரே.

"பதமா சுத்தம் பண்ணுங்க டெக்ஸ்டர். கண்ணாடிப் பெட்டியில, தாத்தாவோட வாளுக்குப் பக்கத்துலயே எடம் போட்டுடறேன்" என்றவர், கேமரா எடுக்க வீட்டுக்குக் கிளம்பினார்.

அது வாள் இல்லை, பன்றி அறுக்கிற கத்தி. அவரிடம் சொல்ல ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை.

அதே பெட்டியில் கேப்டனின் உயிலும் இருக்கிறது. மகனுக்கு எழுதிவைத்த சொத்துப் பட்டியலில், குதிரைக்கு முன்னால் ஆறு ஆட்கள் வருவார்கள். வெறும் பெயர், குடும்பப் பெயர் கிடையாது. விட்கோம்ப் வீட்டில் செத்த எல்லோருக்கும் குன்றின் மேல் கல் உண்டு, அந்தக் குதிரைக்கும் உண்டு. ஆறு பேருக்கு இல்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்டதில்லை. நானும் அந்த உயிலை மூன்று தடவை வாசித்தவன்தான்.

லினெட் என் கருவியை வாங்கி அதே குழிமேல் ஒரு வீச்சு வீசினாள். மறுபடி கூவியது.

தோண்டினேன். அதே ஆழம். அதே மன்னர். முதல் காசு கிடந்த இடத்திலிருந்து மூன்று விரல் தள்ளி.

"ஒண்ணு எடுத்தா ஒண்ணு இலவசமா?" என்றாள்.

சட்டைப்பையிலிருந்து விழுகிற காசு உருளும், சிதறும். இப்படி அளந்து வைத்த மாதிரி விழாது.

இரண்டாவது காசைத் திருப்பினேன். அடிப்பக்கம், பச்சைப் படலத்துக்குள் மெல்லிய நார்கள். வேர் என்றுதான் பல்குச்சியை வைத்தேன். வேர் கன்னாபின்னாவென்று ஓடும். இவை சீப்பின் பற்களைப் போல ஒரே வரிசையில் இருந்தன. நுனிகள் எல்லாம் ஒரே பக்கம் வளைந்திருந்தன.

இந்த ஊர் மண் எலும்பைக்கூடக் கரைத்துவிடும், செம்பு மட்டும் தன்னைத் தொட்டுக்கொண்டிருப்பதை அழுக விடாது என்று சங்கத்தில் சொல்வார்கள்.

இமை முடி.

செத்தவர் நெற்றியில் ஒரு காசு வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. இங்கே அந்தக் காலத்தில் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு வைத்தார்கள், இமை திறந்துவிடக் கூடாது என்று.

குச்சியைக் கீழே போட்டேன்.

சட்டம் எனக்குத் தெரியும். ஆளைப் புதைத்த இடம் என்றால் அன்றைக்கே வேலை நிற்கும். தலைநகர் பிராவிடன்ஸிலிருந்து தூரிகையும் சல்லடையுமாகத் தொல்லியல் ஆட்கள் வருவார்கள். ஒரு வருடத்தில் கிளம்பினால் நம் அதிர்ஷ்டம். இரண்டும் ஆகலாம். கிளம்பினாலும், இந்த இடத்தில் வீடு எழும்ப விடுவார்களா?

வாயைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் கையை மூட வேண்டும்.

கையை மூடினேன்.

என்ன வருடம் போட்டிருக்கிறது என்று லினெட் கேட்டாள். தேய்ந்துபோயிருக்கிறது என்றேன்.

அவள் கருவியைக் கீழே வைத்தாள். கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து, ஈர மண் என்றும் பாராமல் மல்லாந்து படுத்தாள். கையை நீட்டினாள், காலை நீட்டினாள். அவள் இவ்வளவு நீளம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"கட்டில இப்படிப் போட்டா காலைல வெயில் மூஞ்சில அடிக்குமாப்பா?"

கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தலை குழியின் விளிம்பில் இருந்தது.

"கொஞ்சம் தள்ளிப் படு" என்றேன். "அங்க ஈரம்."

கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். சத்தமாக, தட்டுவதற்கு மேலே ஆள் இல்லாத சிரிப்பு. படுத்தபடியே இரண்டு முழம் நகர்ந்தாள். தலைமாட்டில் கிடந்த கருவியையும் ஒரு கையால் கூடவே இழுத்துக்கொண்டாள்.

இழுத்த இழுப்பில், இன்னும் தோண்டாத இடத்தில் அது கூவியது.

இரண்டு முறை.