இன்னும் நடக்காத வழக்கு

“கேஸ் இன்னும் ஆகலீங்க” என்றாள் அந்தத் தையற்கார அம்மா. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

வக்கீல் திறந்த பேனாவை மூடி வைத்தார்.

குற்ற வழக்கு என்றால் அவர்தான். ஊரே அவரைச் சாவிக்காரர் என்றுதான் கூப்பிட்டது. எப்பேர்ப்பட்ட லாக்கப்பாக இருந்தாலும் திறந்துவிடுவாராம். முகத்துக்கு நேரே யாராவது அப்படிச் சொன்னால் அதட்டுவார். உள்ளுக்குள் தேனாக இனிக்கும்.

அந்த நாற்காலியில் எத்தனையோ தாய்மார்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். என் பிள்ளை எறும்புக்கும் தீங்கு நினைக்காதவன், சேர்க்கை சரியில்லை, எல்லாம் அந்தப் பெண்ணால் வந்த வினை என்று ஆளுக்கொரு பாட்டுப் பாடுவார்கள். அவர் பாதி கேட்பார், மீதி நேரம் அடுத்த வழக்கை யோசிப்பார். இவளும் அந்த ரகம்தான் என்று நினைத்தார். பையன் எதையோ செய்யப் போகிறான், அம்மா முந்திக்கொண்டு வந்துவிட்டாள். பலே!

ஆனால் இவள் அழவில்லை. பிள்ளை என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஒரு பெண்ணைப் பற்றித்தான் பேசினாள்.

“எங்க வீட்டுப் பொண்ணுங்க. அவ சட்டை எல்லாம் நான்தான் தைக்கிறது. கல்யாணம் ஆன புதுசுல அரைக்கை. அப்புறம் முழங்கை வரைக்கும் இறக்கினேன். அப்புறம் மணிக்கட்டு வரைக்கும். இப்போ கழுத்தையும் ஏத்தித் தைச்சாத்தான் அவளால வெளியில போக முடியுது.”

வக்கீலுக்கு விளங்க ஒரு நொடி பிடித்தது. அட, இவள் அடிக்கிறவன் வீட்டு ஆளில்லை, அடிபடுகிறவள் வீட்டு ஆள்.

மருமகனா என்று கேட்டார். அவள் அதைக் காதில் வாங்காதவள் போலத் தோளில் ஒட்டியிருந்த நூல்துண்டைக் கிள்ளி எடுத்தாள்.

பிறகு ஒன்று விடாமல் சொன்னாள். எந்த அறையில் பூட்டி வைப்பான், பெல்ட்டை எங்கே மாட்டியிருப்பான், போன வாரம் தலையணையை அவள் முகத்தில் அழுத்தியவன், அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டியதால் எப்படி விட்டான், எல்லாவற்றையும் கூட இருந்து பார்த்தவளைப் போலச் சொன்னாள். அவர் கேட்காத கதையா! ஆனாலும் மூடி வைத்த பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார்.

போலீசுக்குப் போகலாமே என்றார். போனார்களாம். இரண்டு பேருக்கும் புத்திமதி சொல்லிச் சேர்த்தே அனுப்பிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்ததும் அதற்கும் சேர்த்து விழுந்ததாம். அவளை எங்கே கொண்டுபோய் விட்டாலும் தேடிப் பிடித்து இழுத்து வந்துவிடுகிறானாம்.

“அடிக்கிறப்ப உங்களைத்தாங்க சொல்றான். ‘உன்னை முடிச்சாக்கூட எனக்கு ஒண்ணும் ஆகாதுடி. மாடிப்படி கேஸையே ஒண்ணுமில்லாம பண்ணினவரு, சாவிக்காரர் இருக்கார்’னு.”

மாடிப்படி கேஸ். படி ஈரமாக இருந்தது, மனைவி வழுக்கி விழுந்தாள் என்று அவர் வாதாடி வெளுத்து வாங்கிய வழக்கு. விடுதலையான கணவன் இதே அறையில் வந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அந்தப் பட்டப்பெயர் முதல்முறையாகக் கசந்தது.

இந்தப் பெண்ணுக்காக நானே ஆஜராகிறேன் என்றார். அவளைப் பாதுகாக்கச் சொல்லி நாளைக்கே நீதிமன்றத்தில் மனு போடலாம் என்றார். போடுங்க, நல்லா இருப்பீங்க என்றாள். அதோடு அவள் விடவில்லை.

“நான் சொன்னதை எல்லாம் கேட்டுட்டீங்க. நாளைக்கு அவன் வந்து கூப்பிட்டா, அவனுக்காக நிப்பீங்களா?”

முடியவே முடியாது என்றார். ஒரு தரப்பின் அந்தரங்கத்தைக் கேட்டு வழக்கை ஏற்றுக்கொண்ட வக்கீல், எதிர்த்தரப்புக்காக வாய் திறக்கக் கூடாது. திறந்தால் கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்போதுதான் அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அடுத்து அவள் கேட்டதைக் கேட்டு, வாசலோரம் டைப் அடித்துக்கொண்டிருந்த குமாஸ்தாகூடக் கையை நிறுத்தினார். இந்த ஊரில் உங்களுக்கு அடுத்தபடியாகக் கெட்டிக்கார வக்கீல் யாருங்க, அவருக்கு அடுத்து யாருங்க என்று கேட்டாள். ஒருத்தர் விடாமல் போய் இதே கதையைச் சொல்ல வேண்டுமாம்.

சும்மா சொல்லக் கூடாது, வக்கீல் அசந்துபோனார். தலை நரைத்த இந்தத் தொழிலில் அவர் பார்த்த யாருக்கும் இது தோன்றியதில்லை. பேரையும் விலாசத்தையும் நிதானமாகச் சொன்னார். எழுந்து கதவு வரை கூடவே வந்தார். யாருக்காகவும் அவர் அப்படி எழுந்தவரில்லை.

“பெத்த பொண்ணுக்காக இவ்வளவு செய்யறீங்களேம்மா. உங்க மருமகன் தப்பவே முடியாது.”

அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அவ எனக்கு மருமகளுங்க” என்றாள். “நான் பெத்தது அவனைத்தான்.”