ஏழு நிமிடச் சாக்கடை

எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றிய ஏழு நிமிட ஆவணப்படத்தை, அந்தச் சாக்கடையையே மறைத்துத் திரை கட்டிக் காட்டினார்கள். கரையெங்கும் பிளீச்சிங் பவுடர். மாநகராட்சி ஆணையர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது சமூகப் புரட்சி" என்றார். சாக்கடை வீட்டுக்குள் புகுந்ததில் மகள் இரண்டாம் முறையாகக் காமாலையில் கிடக்கும் தவமணியிடம் இயக்குநர் மைக்கை நீட்டினார். "ரெண்டு வார்த்தை சொல்லுங்கக்கா."

அவள் போய்த் திரையின் கயிற்றை அவிழ்த்தாள். ஓடிக்கொண்டிருந்த நன்றிப் பட்டியல் கறுப்புத் தண்ணீரில் விழுந்தது. ஆணையர் கைக்குட்டையோடு எழுந்தார்.

"மூக்கைப் பொத்தாதீங்க சார். படத்துல நாத்தம் வரல. அதான் மிச்சத்தையும் காட்டுறோம்" என்றாள் தவமணி.

பெண்கள் முன்வரிசை நாற்காலிகளைத் தூக்கிச் சாக்கடையோரம் போடத் தொடங்கினார்கள். ஆணையரின் பெயர் ஒட்டியிருந்ததை முதலில் போட்டார்கள்.