அப்படியே திருப்பிச் சொல்

“விழுங்காதே ரெமி! அசை அசையா உடைச்சுச் சொல்லு. ரெ... கொ... நே... த்ரி... யோன். எங்கே?”

ரெமி மனைவியின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ரெ... லொ... பே... மி... தோன்.”

நாடகப் பள்ளியில் ஆயுசெல்லாம் உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தவள் ஒதீல். ‘அடையாளம் கண்டுகொள்வோமே’ என்று பொருள்படும் அந்தப் பிரெஞ்சு வினைச்சொல்லில் இடறாத புது நடிகன் கிடையாது. அத்தனை பேரையும் திருத்தி மேடையேற்றியவளால் கட்டிய கணவனைத் திருத்த முடியவில்லை.

சந்தையில், சீஸ் கடை வாசலில் பக்கவாதம் தாக்கியதிலிருந்து ரெமி இப்படித்தான் உளறுகிறார். ஆம்புலன்ஸில் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தார். பேச்சு திரும்பினால்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புவார்களாம். இன்றைக்கு எப்படியாவது அவரை வீட்டுக்கு அழைத்துப் போய்விட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள் ஒதீல்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மரீன், ஒலிப்பதிவுக் கருவியை மேஜைமேல் ஓடவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் பேசியதில் பாதி ஒதீலுக்கு விளங்கவில்லை. இந்தக் காலத்துப் பெண்கள் வாயைத் திறந்தா பேசுகிறார்கள்?

“பயப்படாதீங்க முஸ்யே. அப்படியே திருப்பிச் சொல்லுங்க,” என்றாள் மரீன், ரெமியைப் பார்த்து. அது மட்டும் புரிந்தது.

“கேட்டியா ரெமி? த்ரி வேற, யோன் வேற. ரெண்டையும் ஒட்டிடாதே. கடைசியிலே மூக்காலே முடி. சுத்தமான பேச்சுக்குப் பேர்போன தூர் நகரத்துக்காரன் பேசுற பிரெஞ்சா இது? பாரீஸ்காரன் கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பான்!”

எப்போதும் இந்தக் கேலிக்குச் சிரித்துவிடுகிற மனிதர் இன்று சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

“ரெ... லொ... பே... மி... தோன்.”

அதே பிசகு, அதே இடங்களில். உளறுகிறவன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி அல்லவா உளறுவான்? இவர் ஏதோ பாடம் ஒப்பிப்பது போல மாறாமல் சொல்கிறார்.

“ரெமி, என்னைப் பாரு. விளையாடுறியா?”

“ஒதீல்...” அவர் அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

“புத்தியும் போயிடுச்சாம்மா இவருக்கு?” என்று மரீனிடம் கேட்டாள்.

மரீன் ஒலிப்பதிவுக் கருவிமேல் கையை வைத்தாள். ரெமியைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டி, பிறகு கண்ணை மூடிக்கொண்டு சரி என்றார்.

“இதைக் கேளுங்க, மதாம்.”

“போடு, போடு. காதாலே கேட்டாத்தான் தப்பு உறைக்கும்,” என்று ஒதீல் கணவனின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

மரீன் பொத்தானை அழுத்தினாள். “ரெ... லொ... பே... மி... தோன்” என்று கணீரென்று சொல்லிக்கொடுத்தது ஒரு பெண்ணின் குரல், அது ஒதீலின் குரல்.